பழைய புல்லட்டுக்குக் கறுப்பு: எதன் மேல் எதை அடிப்பது

பெயின்ட் அடித்து ஒரு வருடம் ஆன பழைய புல்லட்டைப் பாருங்கள். முதலில் பெட்ரோல் மூடியைச் சுற்றிப் பெயின்ட் சுருங்கியிருக்கும். அடுத்து டேங்க்கின் அடியில் தகடு சேரும் விளிம்பில் கொப்புளம். மூன்றாவது, முன் மட்கார்டின் உள்பக்கம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் பெயின்டரைக் கேட்டால் ஒரே பதில்தான்: "இப்ப வர்ற பெயின்ட் சரியில்ல சார்." மேலே தெரியும் கறுப்பு பெரும்பாலும் குற்றமற்றது. கோளாறு அதற்குக் கீழே, எதன் மேல் எதை அடித்தோம் என்பதில் இருக்கிறது.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் 350 புல்லட்டை வைத்தே இதை எழுதுகிறேன். பெயின்ட் வேலைக்கு அந்த வண்டி ஒரே உலோகம் இல்லை. டேங்க், இரண்டு மட்கார்டு, டூல் பாக்ஸ், பேட்டரி பெட்டி, செயின் கார்டு எல்லாம் இரும்புத் தகடு. சேஸிஸும் ஸ்டாண்டும் இரும்புக் குழாய். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் தலைப்பகுதி, அதாவது இரண்டு குட்டி பார்க்கிங் லைட்டும் ஸ்பீடோமீட்டரும் உட்காரும் நாசெல், அலுமினிய வார்ப்பு. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் தொங்கவிட்டு ஒரே பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, அடித்தால், ஆறு மாதத்தில் நாசெல் மட்டும் தோல் உரியும்.

பழைய பெயின்டைத் தொடுவதற்கு முன்

முதலில் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி கலர் எது என்று வண்டியே சொல்லும். ஹெட்லைட் ரிம்முக்கு உள்ளே, டேங்க் பேட்ஜுக்குப் பின்னால், டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஆகிய இடங்களில் அடுத்தடுத்து வந்த பெயின்டர்களின் கை போயிருக்காது. அங்கே 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு ரூபாய் அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால், மரத்தின் வளையம் போல ஒவ்வொரு கலரும் வரிசையாகத் தெரியும். கடைசி வளையத்துக்கு அடியில் இருப்பது கம்பெனி பிரைமர். தங்கக் கோடு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் டிரேசிங் பேப்பரை ஒட்டி, கோட்டின் அகலம், விளிம்பிலிருந்து உள்ள தூரம், வளைவு திரும்பும் இடம் எல்லாவற்றையும் பென்சிலால் எடுத்துவிடுங்கள். பெயின்டைச் சுரண்டிய பிறகு இதை எங்கேயும் தேட முடியாது.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. வெள்ளைத் துணியை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, பெயின்ட் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி., அதாவது நம்மூரில் டக்கோ என்று சொல்லும் வகை. சுருங்கி எழும்பினால் காற்றில் காய்ந்த எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால், சூடு காட்டி வாட்டிய எனாமல் அல்லது பி.யு., அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயின்ட். முதல் இரண்டில் எது இருந்தாலும் அதன் மேல் பி.யு. அடிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பி.யு. தின்னர் கீழே இறங்கி அதைக் கிளப்பிவிடும். தகடு வரை இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறங்குவதற்கு வழி மூன்று. டேங்க்கும் மட்கார்டும் என்றால் பெயின்ட் ரிமூவர். கெட்டியாகப் பூசி, பாலிதீன் தாளால் மூடி, அரை மணி நேரம் கழித்துப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து எடுப்பது. ரிமூவரில் மெழுகு இருக்கும். அது தகட்டில் தங்கினால் மேலே எதுவும் ஒட்டாது. எனவே முதலில் தின்னர், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு மறுபடி தின்னர். சேஸிஸ், ஸ்டாண்டு, கனமான பிராக்கெட்டுகளுக்குச் சாண்ட் பிளாஸ்டிங் சரி. தகட்டுக்கு அது எமன். மணல் அடிக்கும் வேகத்தில் மட்கார்டின் தகடு நீண்டு, அலை அலையாக நெளியும். அந்த நெளிவைப் பட்டியால், அதாவது பள்ளத்தை நிரப்பும் பசையால், நிரப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

மூன்றாவது காஸ்டிக் சோடாத் தொட்டி. இரும்புக்குப் பரவாயில்லை, நன்றாகக் கழுவினால் போதும். நாசெல்லைத் தெரியாமல் அதில் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். காலையில் போட்டதை மாலையில் எடுத்தால் திருகு மரைகூட மிஞ்சாது.

துருவுக்குப் பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கண்முன்னே துரு கரைவதால் மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் மடிப்புக்குள் போன குளோரைடு எத்தனை முறை கழுவினாலும் முழுசாக வெளியே வராது. டேங்க் அடி விளிம்பில் வரும் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பெயின்டுக்கு அடியிலேயே துரு புதிதாகப் பிறக்கிறது. பாஸ்பாரிக் ஆசிட் சேர்ந்த துரு நீக்கியைப் பயன்படுத்துங்கள். அதையும் தகட்டில் காயவிடாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர் போதும். உலர்த்தத் தாமதமானால் சென்னைக் காற்றில் அரை மணி நேரத்தில் மஞ்சள் படிந்துவிடும்.

டேங்க்கின் உள்ளே

வெளியே பெயின்ட் அடிப்பதற்கு முன்பே உள்ளே வேலை முடிய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, புதுப் பெயின்ட் மேல் ஆசிட்டும் சீலரும் (டேங்க்கின் உள்பக்கம் பூசும் பூச்சு) வழிய விடுகிறார்கள்.

உள் துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, பெட்ரோல் டேப் (குழாய்) மாட்டும் துளையைப் போல்ட்டால் அடைத்து, கழுத்து வரை ஊற்றி ஒரு இரவு வையுங்கள். துரு தடிமனாக இருந்தால் இன்னொரு முறை. கொட்டிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே சூடான காற்று. பெயின்ட் முடியும்வரை உள்ளே எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். அது டேப் துளை வழியே கசிந்து வந்தால் வெளியே பெயின்டில் மீன்கண் போல வட்ட வட்டமாக ஓட்டை விழும். சிலிக்கா ஜெல் பைகளை நூல் கட்டி உள்ளே தொங்கவிட்டு மூடியை அடைத்துவிடுங்கள்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க: எல்லாத் துளையையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 2 பி.எஸ்.ஐ. அளவுக்கு மட்டும் காற்றேற்றி, சோப்பு நுரை தடவுங்கள். கம்ப்ரஸரை நேராக மாட்டினால் டேங்க் உப்பிவிடும். அது டயர் இல்லை. ஓட்டையை அடைக்க ஈயப்பற்று வைப்பது பழைய ரேடியேட்டர் கடை வேலை, நல்ல வேலையும்கூட. ஆனால் பற்று வைக்கப் பயன்படுத்தும் ஃபிளக்ஸ் துத்தநாக குளோரைடு. வெந்நீரும் சோடாவும் விட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் அந்த இடத்தில் நிச்சயம் கொப்புளம். வெல்டிங் என்றால், காலி டேங்க்தானே என்று நினைக்கவே கூடாது. பத்து வருடம் சும்மா கிடந்த டேங்க்கிலும் மடிப்பில் பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும். வெல்டிங் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அதைப் பழகியவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

உள்ளே சீலர் பூசுவது எனக்குப் பிடித்த காரியமில்லை. ஓட்டை இல்லாத டேங்க்குக்கு அது தேவையும் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகைச் சீலர்கள் அதில் உரிந்து, செதில் செதிலாகக் கார்புரேட்டருக்குப் போகும். பூசித்தான் ஆக வேண்டும் என்றால், எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் எபாக்ஸி வகையை மட்டும் வாங்குங்கள்.

பிரைமர்: எதன் மேல் எது

இதுதான் இந்தப் பதிவின் அடிப்படை. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடையில் போய்ப் பிரைமர் என்று கேட்டால் முதலில் கைக்கு வருவது ரெட் ஆக்சைடு. கிரில் கேட்டுக்கு அருமையான சாமான். ஒற்றை டப்பா, எண்ணெய் சார்ந்த பிசின், காற்றில் காயும். அதன் மேல் பி.யு. பெயின்ட் அடித்தால் தின்னர் அதை ஊறவைத்து, முதல் கோட்டிலேயே முதலைத் தோலாகச் சுருக்கிவிடும். அன்றைக்குச் சுருங்காவிட்டால் வெயிலில் சுருங்கும். புல்லட் தகட்டுக்கு ரெட் ஆக்சைடு வேண்டாம்.

இரும்புத் தகட்டுக்கு இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர். பிசினும் ஹார்ட்னரும் தனித்தனியே வரும். கலந்தால் வேதிமாற்றம் நடந்து இறுகும். தண்ணீரையும் காற்றையும் தகட்டுக்குப் போக விடாமல் தடுப்பதில் இதற்கு இணை இல்லை. இதற்கு வேண்டியது சுத்தமான, 120 அல்லது 180 பேப்பரால் கீறிய, காய்ந்த தகடு. ஆசிட்டின் மிச்சம் இருக்கக் கூடாது. எபாக்ஸியின் ஹார்ட்னர் காரத்தன்மை கொண்டது. தகட்டில் ஆசிட் தங்கியிருந்தால் அந்த இடத்தில் அது சரியாக இறுகாது. மேலே எல்லாம் முடிந்து பளபளக்கும், ஆனால் நகத்தால் நெம்பினால் தாளாக உரியும். துரு நீக்கி போட்ட தகட்டை நன்றாகக் கழுவி, மறுபடி பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டே எபாக்ஸி அடிப்பது இதற்காகத்தான்.

எட்ச் பிரைமர், சில கடைகளில் வாஷ் பிரைமர், முற்றிலும் வேறு சாதி. அதிலேயே பாஸ்பாரிக் ஆசிட் இருக்கிறது. உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. அலுமினியத்துக்கு இது பொருத்தம். மெல்லியதாக, கீழே உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு, 10 மைக்ரான் வாக்கில் அடிக்க வேண்டும். கனமாக அடித்தால் உள்ளே ஈரமாகவே இருந்து, பின்னால் முழுப் பெயின்டையும் சேர்த்துக்கொண்டு கழன்றுவிடும். இதன் மேல் பட்டி போடக் கூடாது. பட்டியின் ஹார்ட்னர் பெராக்சைடு, ஆசிட்டோடு ஒத்துப்போகாது. அதே கம்பெனி அனுமதித்தால் ஒழிய எபாக்ஸியும் இதன் மேல் கூடாது. இதன் மேல் நேராகப் பி.யு. சர்ஃபேசர், அதாவது கலருக்கு முன் மேற்பரப்பைச் சமமாக்கும் பூச்சு, போகலாம்.

ஆகவே நாசெல்லுக்கு வரிசை இப்படி: எண்ணெய் நீக்கல், சிவப்பு ஸ்காட்ச்பிரைட் நாரால் தேய்ப்பு, மறுபடி துடைப்பு, எட்ச், சர்ஃபேசர், கறுப்பு. இரும்புக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷால் அலுமினியத்தைத் தேய்க்க வேண்டாம். அலுமினியத்தில் பதியும் இரும்புத் துகள் பிறகு துருப் புள்ளியாக வெளியே வரும். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படரத் தொடங்குவதால், தேய்த்த அன்றே எட்ச் அடித்துவிடுங்கள். பழைய வார்ப்பில் நுண்துளைகளும், அவற்றில் பல வருட எண்ணெயும் உண்டு. பெயின்ட் அடிக்குமுன் அடுப்பிலோ ஹீட் கன்னாலோ கை தாங்காத சூட்டுக்குக் கொண்டுபோனால் எண்ணெய் வியர்த்து வெளியே வரும். துடைத்து, ஆறவிட்டு, இன்னொரு முறை. வியர்ப்பது நிற்கும்வரை செய்ய வேண்டியதுதான்.

குரோம் பூசிய டேங்க்கோ மட்கார்டோ உள்ள வண்டி என்றால், குரோம் மேல் எந்தப் பிரைமரும் நிலைக்காது. பிளேட்டிங் கடையில் கொடுத்துக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

பட்டி

நல்ல டிங்கரிங் நடந்த தகட்டுக்குப் பட்டி 2 மி.மீ. தாண்டாது. 3 மி.மீ. என்பது எல்லை. டேங்க் குழிவை உள்ளிருந்து தட்ட முடியாது. ஸ்பாட் வெல்டில் ஆணி வைத்து வெளியே இழுக்கும் புல்லர் உள்ள பட்டறைக்குப் போங்கள். முழங்கால் படும் பக்கத்தில் பெரிய குழிவை அப்படியே பட்டியால் நிரப்பினால், பெட்ரோல் சூட்டில் தகடு விரிந்து சுருங்கும்போது பட்டி அதனோடு போகாமல் விளிம்பில் கோடு விழும்.

கலவை அளவு: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர். சித்திரை வெயிலில் ஒன்று, ஒன்றரை கிராம் போதும். வேகமாகக் காயட்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால் மிச்ச ஹார்ட்னர் மேலே ஏறிக் கலரைக் கெடுக்கும். கறுப்பில் தெரியாது, கிரீம், கிரே போன்ற வெளிர் கலரில் கறை தெரியும். கலக்கும்போது கரண்டியை அழுத்தி மடித்து மடித்துக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்று புகுந்து, தேய்த்த பிறகு ஊசித் துளைகளாக நிற்கும்.

பட்டியை எபாக்ஸி மேல் போடுவதே நல்லது. எபாக்ஸியைக் காயவிட்டு, 180 பேப்பரால் கீறி, பட்டி. தகட்டின் மேல் நேராகப் போட்டாலும் பிடிக்கும், ஆனால் தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் இருக்காது.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது: பட்டியை வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீரில் தேய்க்கக் கூடாது. நம்மூர்ப் பட்டறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, பேப்பரும் சீக்கிரம் அடைக்காது. ஆனால் பட்டியில் இருப்பது பெரும்பாலும் டால்க் மாவு, அது தண்ணீரை உறிஞ்சும். மேலே பிரைமரும் பெயின்டும் மூடிய பிறகு அந்த ஈரத்துக்குப் போக வழி இல்லை. வெயிலில் வண்டி நின்றால் ஆவியாகி மேலே தள்ளும். அதுதான் மூன்றாம் மாதம் வரும் சின்னச் சின்னக் கொப்புளம். மிச்சம் உள்ள ஈரம் கீழே போய்த் துருவாகும். 80, 120, 180 என்று உலர் பேப்பரால் தேயுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிடிக்க வாகாகப் பழைய ரப்பர் செருப்பை வெட்டினால் டேங்க் வளைவுக்குப் படியும் அருமையான கட்டை கிடைக்கும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாகிவிடும்.

டியூபில் வரும் என்.சி. பட்டி கீறலை மூடக் கைக்கு வசதி. ஆனால் பி.யு. தின்னர் பட்டால் ஊறி உப்பும், காய்ந்தால் இறங்கும். ஒரு மாதம் கழித்து மூடிய கீறல் அப்படியே திரும்பி வரும். ஊசித் துளைக்கு நைசான பாலியஸ்டர் பட்டியே போதும்.

சர்ஃபேசரும் டியூப்லைட்டும்

பி.யு. சர்ஃபேசர் இரண்டு அல்லது மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 10, 15 நிமிடம். காய்ந்த பிறகு மேலே கறுப்பு ஸ்பிரே டப்பாவால் மழைச்சாரல் போல லேசாகத் தூவுங்கள். இதைக் கைடு கோட் என்பார்கள். 320, பிறகு 400 பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்க்கும்போது மேட்டில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் புள்ளியாக மிஞ்சும். கண் ஏமாறும் இடத்தைக் கைடு கோட் காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டத்தில் தண்ணீரில் தேய்க்கலாம், சர்ஃபேசர் தண்ணீரைக் குடிக்காது. ஆனால் எங்காவது பட்டி வெளியே தெரிந்துவிட்டால் அங்கே தண்ணீர் கூடாது. தகடு தெரிந்தாலும் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எபாக்ஸி. கடைசித் தேய்ப்பு சாதாரணக் கறுப்புக்கு 600, மெட்டாலிக்குக்கு 800.

கறுப்புதான் இருப்பதிலேயே கடினமான கலர். வெளிர் கலர் மன்னித்துவிடும், கறுப்பு மன்னிக்காது. பார்க்க ஒரு வழி: தேய்த்த டேங்க்கை மெழுகு நீக்கும் திரவத்தால் ஈரமாக்கி, காய்வதற்குள் டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். டேங்க்கைச் சாய்க்கச் சாய்க்க விளக்கின் வெள்ளைக் கோடு வளைவின் மேல் நழுவிப்போகும். தகடு ஒழுங்காக இருந்தால் கோடு உடையாமல் ஓடும். எங்கே சட்டென்று மெலிந்து, நடுங்கி, மறுபடி தடிக்கிறதோ அங்கே பள்ளம். பென்சிலால் வட்டம் போட்டு, இன்னொரு முறை சர்ஃபேசர். இதைப் பிரைமரில் பிடிக்காவிட்டால், கறுப்பு அடித்த பிறகு கடைத்தெருவில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கறுப்பு அடித்தல்

கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இல்லாத ஒற்றைப் பி.யு. கறுப்பே இந்த வண்டிக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. அடிக் கலரும் மேலே கிளியரும் என்று போனால் ஆழம் அதிகம் தெரியும். ஆனால் கண்ணாடியில் முக்கி எடுத்தது போல, ஷோரூம் கார் மாதிரி இருக்கும். பழைய டேங்க்கின் கறுப்பு அப்படி இருந்ததில்லை. டேங்க்கில் தங்கக் கோடு வருவதால் அதற்கு மட்டும் மெல்லிய கிளியர், மற்றதெல்லாம் வெறும் கறுப்பு என்பது நல்ல சமாதானம்.

சேஸிஸ் நீங்கலாக ஒரு வண்டிக்குத் தேவை தோராயமாக: எபாக்ஸி கலந்த பிறகு ஒரு லிட்டர், சர்ஃபேசர் ஒரு லிட்டருக்குச் சற்று மேல், கறுப்பு ஒரு லிட்டர், அதற்குரிய ஹார்ட்னர், கிளியர் கால் லிட்டர். தின்னர் ஸ்பிரே கன் கழுவவும் சேர்த்து 4, 5 லிட்டர். கலவை விகிதம் அந்தந்த டப்பாவில் இருப்பதுதான். ஒரு கம்பெனிப் பெயின்டுக்கு இன்னொரு கம்பெனி ஹார்ட்னர் வேண்டாம். ஹார்ட்னர் டப்பாவைத் திறந்தவுடன் இறுக மூடுங்கள். காற்றின் ஈரம் பட்டால் அது கெடும். கலங்கியோ கட்டியாகவோ இருந்தால் தூக்கிப் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

கன்: சர்ஃபேசருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. முனை, கறுப்புக்கு 1.3 அல்லது 1.4. நாசெல், செயின் கார்டு போன்ற சின்னச் சாமானுக்கு 1.0 முனையுள்ள மினி கன் இருந்தால் பெயின்ட் வடிவது பாதியாகக் குறையும். தூரம் 15 முதல் 20 செ.மீ., ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். டேங்க்கில் முதலில் அடிப்பக்கமும் விளிம்புகளும், பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பகுதி. முதல் கோட் லேசாக, ஒட்டிக்கொள்ள மட்டும். 10 நிமிடம் விட்டு முழு ஈரக் கோட் இரண்டு. மினுமினுப்பு முதல் கோட்டிலேயே வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் முழங்கால் குழிவின் கீழே பெயின்ட் திரையாக இறங்கும்.

சென்னையில் எதிரி ஈரம். வெப்பம் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 26 டிகிரி. தின்னர் ஆவியாகும்போது தகட்டை இன்னும் குளிர்விக்கும். இரவெல்லாம் குளிர்ந்த தகட்டில் அதிகாலையில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல்தான் அடிக்கிறீர்கள். தகடு காற்றின் சூட்டுக்கு வரட்டும். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, பிற்பகலுக்குள் முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். கம்ப்ரஸர் டேங்க்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவது தினமும் அல்ல, ஒவ்வொரு முறை அடிக்கும் முன்பும். கன்னுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் வடிகட்டி. அது இல்லாமல் அடித்த கறுப்பில் வரும் குட்டிக் கொப்புளத்தைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது.

மீன்கண் ஓட்டைக்குக் காரணம் சிலிகான். பக்கத்துக் கடையில் யாராவது டயர் பாலிஷ் ஸ்பிரே அடித்தாலே போதும். அடித்த உடனே வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிய தின்னர் ஊசிமுனைக் குமிழாக வெடிக்கும். நிழலில் ஓர் இரவு இருக்கட்டும். மூடியைச் சுற்றி வரும் சுருக்கத்துக்கு விடையும் இதோடு சேர்ந்தது. என்.சி. பெயின்டைப் பெட்ரோல் எப்படியும் கெடுக்கும். பி.யு. தாங்கும், ஆனால் முழுசாக இறுகிய பிறகுதான். ஒரு வாரமாவது பெட்ரோல் ஊற்றாதீர்கள். மூடியின் கழுத்து விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் வெறும் தகடு வளையமாக நிற்கும். பிரைமரையும் கறுப்பையும் விளிம்பு தாண்டி உள்ளே திரும்பும்படி விட்டால் பெட்ரோலுக்கு நுழைய இடுக்கு இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பி.யு. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். வாசனை வந்து எச்சரிக்காது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் ஆயுள் முழுக்க ஆஸ்துமா. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் முறை. அது இல்லாதவர் பிரைமர், தேய்ப்பு எல்லாம் வீட்டில் செய்துகொண்டு, கறுப்பை மட்டும் பெயின்ட் அடிக்கும் பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தங்கக் கோடு

என்ஃபீல்டின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் டேங்க் கோடுகளைக் கையாலேயே வரைந்தார்கள். அதனால் உண்மையான கோட்டில் தடிமன் கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டு டேப் ஒட்டி நடுவில் அடித்த கோடு அளவில் துல்லியமாக இருக்கும், பார்த்தவுடன் டேப் என்றும் தெரியும். விளிம்பில் நகம் தட்டும் மேடும் நிற்கும். நம்பர் பிளேட் எழுதிப் பழகிய ஆர்ட்டிஸ்ட் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், நீள முடி லைனிங் பிரஷைக் கொடுத்து அவரிடமே விடுங்கள். டிரேசிங் பேப்பர் அப்போதுதான் உதவும். கறுப்பு காய்ந்த பிறகு 1000 பேப்பரால் மங்கலாக்கி, மஞ்சள் பென்சிலால் புள்ளி வைத்து, அதன் மேல் கோடு.

தங்கப் பொடி என்று விற்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடி. மேலே எதுவும் இல்லாமல் விட்டால் நாளடைவில் பச்சை கலந்த பழுப்பாகும். கிளியர் வேண்டும். ஆனால் எனாமலில் போட்ட கோட்டின் மேல் ஈரக் கிளியரை ஒரே மூச்சில் அடித்தால் கோடு சுருங்கி நெளியும். இரண்டு நாள் காயவிட்டு, முதல் இரண்டு கோட் கிளியரைத் தூசி போல உலர்வாக அடித்து, பிறகு ஒரு ஈரக் கோட்.

சேஸிஸும் மாட்டுவதும்

சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் நல்ல தேர்வு. 180, 200 டிகிரியில் வாட்டுவதால் கல் பட்டாலும் தாங்கும். அதே சூட்டில் பட்டியும் ஈயப்பற்றும் நிற்காது, ஆகவே பட்டி போட்ட டேங்க்கை அங்கே அனுப்பாதீர்கள். சேஸிஸ் நம்பர் குத்திய இடத்தில் பவுடர் நிரம்பினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் டிரேஸ் எடுக்கும்போது ஒன்றும் விழாது. அந்த இடத்தைச் சூடு தாங்கும் டேப்பால் மூடச் சொல்லி, பிறகு கையால் மெல்லிய எபாக்ஸியும் கறுப்பும் அடியுங்கள். கலர் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ராணுவ ஏலத்தில் வந்த புல்லட்டுக்குப் பழைய ஆலிவ் பச்சையே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு: மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி அந்தக் கலர் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டும்.

மட்கார்டின் உள்பக்கம் டயர் வீசும் கல்லும் சேறும்தான். அங்கே பளபளப்பு வீண். எபாக்ஸி இரண்டு கோட், அதன் மேல் ரப்பர் மாதிரி இழுபடும் ஸ்டோன் சிப் கோட்டிங், அதன் மேல் கறுப்பு. மட்கார்டைத் தாங்கும் ஸ்டே சேரும் மடிப்பில் சீம் சீலர் தடவாவிட்டால் தண்ணீர் அங்கேதான் குடியிருக்கும்.

இஞ்சின் பிளேட்டும் மட்கார்டு ஸ்டேயும் போல்ட்டோடு சேரும் முகங்களில் பெயின்ட் தடிமனாக இருக்கக் கூடாது. இறுக்கும்போது நசுங்கி, ஓடும்போது இன்னும் இறங்கி, போல்ட் தானாகத் தளரும். அந்த வட்டங்களில் பவுடரைச் சுரண்டி வெறும் பிரைமர் மட்டும் விடுங்கள். எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், வெறும் இரும்பும் கொஞ்சம் கிரீஸும். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் ஹாரன் முனகி, ஹெட்லைட் மங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் இந்த இடத்தைப் பாருங்கள். டேங்க் மாட்டும் போல்ட்டுகளுக்கு ரப்பரும் ஃபைபர் வாஷரும் போட்டு, முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை பிடித்துவிடுங்கள்.